வெடித்ததும் வெடிக்காததும்: ‘தி பயனியர்ஸ்’ நாவலில் மான் வேட்டையும் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1823இல் வெளியிட்ட ‘தி பயனியர்ஸ்’ என்னும் நாவல், இயற்கைக்கும் சட்டத்துக்கும் இடையே நிகழும் மோதலின் கதையாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு நாவலில் வரும் துப்பாக்கிகளை வெறும் குறியீடுகளாக்கிவிடுகிறது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியின் இயல்பும் அதனால் நேரும் பிழைகளும் இந்நாவலில் வழக்குகளாக மாறுகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. பிழைபட்டுப் பாய்ந்த வெடி, பற்றாமற் போன வெடி, சுடப்படாமல் நீட்டப்பட்ட துப்பாக்கி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, சான்றைப் படிப்பவனும் தீர்ப்பை வழங்குபவனும் வேறாகும் சமூகத்தையே கூப்பர் விமர்சிக்கிறார் என்று நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கூப்பர், மான் வேட்டை, வாய்வழித் துப்பாக்கி, சான்று, வேட்டைச் சட்டம், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

முதுகலை வகுப்பொன்றில் ‘தி பயனியர்ஸ்’ நாவலின் முதல் இயலைத் தமிழில் விளக்க முற்பட்டபோது எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரையின் தொடக்கம். நீதிபதி துப்பாக்கியால் சுட்டார், வேடரும் துப்பாக்கியால் சுட்டார், மான் விழுந்தது. இந்த அளவில் கதையைச் சொன்னவுடன், “மான் தம்முடைய குண்டுக்கு விழவில்லை என்று நீதிபதிக்கு எப்படித் தெரியும்?” என ஒரு மாணவர் வினவினார். வினா நியாயமானது. விடையோ மூலத்தில் தெளிவாக உள்ளது. ‘துப்பாக்கி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூலத்தின் வேறுபாடுகளையெல்லாம் அடக்கியதால், விடை விளக்கவுரையில் காணாமற் போயிருந்தது.

கூப்பரின் ஐந்து ‘லெதர்ஸ்டாக்கிங்’ நாவல்களுள் முதலில் வெளிவந்தது ‘தி பயனியர்ஸ்’. நியூயார்க் மாநிலத்தின் ஒட்ஸிகோ ஏரிக்கரையில் உருவாகிவரும் டெம்பிள்டன் என்னும் குடியேற்றமே அதன் களம். கதை 1793ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் முன்னாளில் தொடங்குகிறது. கூப்பரின் தந்தை வில்லியம் கூப்பர் அவ்வேரிக்கரையில் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரை நிறுவியவர், நீதிபதியாக இருந்தவர். நாவலின் நீதிபதி மார்மடியூக் டெம்பிளில் அவருடைய சாயல் உண்டு என்பது ஆய்வாளர் பலரும் ஏற்றது. அவருக்கு எதிரில் நிற்பவர் முதிய வேடர் நேட்டி பம்ப்போ. இவ்விருவரையும் சட்டம், இயற்கை என்ற இரு முனைகளாக நிறுத்திவிடுவது எளிது. ஆயின் நேட்டி சட்டமற்ற மனிதர் அல்லர். அவர் பின்பற்றும் வேட்டை நெறிக்கெனச் சான்று விதிகள் உள்ளன. அவை ஊர் நீதிமன்றத்தின் விதிகளைக் காட்டிலும் கறாரானவை.

1. வாய்வழித் துப்பாக்கியின் இயல்பு

கதை நிகழும் காலத்தில் தோட்டா என்பது இன்றைய வடிவில் இல்லை. வேட்டைக்காரர் குழலின் வாய்வழியே அளந்த வெடிமருந்தைக் கொட்டி, துணியிலோ தோலிலோ பொதிந்த ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்துக் கெட்டிப்பார். பின்னர் குழலின் பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணியில் பற்றுமருந்து இடுவார். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதித் தீப்பொறி சிந்தும். கிண்ணியின் மருந்து பற்றி, அத்தீ சிறு துளை வழியே உள்ளே சென்று, குழலில் உள்ள மருந்தை வெடிக்கச் செய்யும்.

இந்த அமைப்பிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. ஒற்றைக் குழல் துப்பாக்கிக்கு ஒரு வெடியே உண்டு. மறுமுறை கெட்டித்து முடிப்பதற்குள் மான் மறைந்துவிடும். ஈரமோ தேய்ந்த கல்லோ போதும், கல் ‘டக்’கென்று அடிக்குமேயன்றி வெடி பிறக்காது. வெடி பிறந்தாலும் எழும் புகை இலக்கை மறைத்துவிடுவதால், குண்டு எங்குப் பட்டது என்பதைச் சுட்டவரே உடனே அறிய இயலாது. ஆகவே வேட்டையின் மகிழ்ச்சி, காத்திருந்து ஒரே வெடியில் முடிப்பதில் உள்ளது. அதன் இடர், அந்த ஒரே வெடி என்ன செய்தது என்று பின்னர் தேடிப் படிக்க வேண்டியிருப்பதில் உள்ளது.

இவற்றோடு துப்பாக்கி வகையும் சேர்கிறது. நேட்டியின் கையில் இருப்பது மிக நீண்ட குழலையுடைய ரைஃபிள். குழலின் உட்புறம் திருகுவரிகள் வெட்டப்பட்டிருப்பதால் ஒற்றைக் குண்டு சுழன்று நேராகச் செல்லும். நீதிபதியின் கையில் இருப்பது வழவழப்பான உட்புறத்தைக் கொண்ட இரட்டைக்குழல் பறவைத் துப்பாக்கி. அதன் ஒரு குழலில் மானுக்குரிய பெருரவைகள்; மற்றொன்றில் பறவைகளுக்குரிய சிறுரவைகள். ரைஃபிள் குண்டு ஓரிடத்தில் பாயும், ரவைகள் சிதறும். நாவலின் முதல் வழக்கு இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

2. இரண்டு காயங்களும் ஐந்து ரவைகளும்

பனிச்சறுக்கு வண்டியில் மகள் எலிசபெத்துடன் வரும் நீதிபதி, நேட்டியின் வேட்டைநாய் குரைப்பதைக் கேட்டு வண்டியை நிறுத்துகிறார். மான் பாய்கிறது. நீதிபதி அடுத்தடுத்து இருமுறை சுடுகிறார். மான் ஓடிக்கொண்டே இருக்கிறது. மான் தப்பியதில் எலிசபெத் தன்னையறியாமல் மகிழ்கின்ற அக்கணத்தில், தந்தையின் துப்பாக்கியொலியினின்றும் வேறுபட்ட கூரிய ஒலி கேட்கிறது. மான் உயரத் துள்ளுகிறது. அதேபோன்ற மற்றோர் ஒலி, மான் விழுகிறது. வேட்டையில் ஈடுபடாத ஒருத்தியின் செவியே முதற்சான்றைப் பதிவு செய்கிறது என்பது கவனத்திற்குரியது. கண்ணுக்குப் புலப்படாத இருவர் சுட்டனர் என்பதை வாசகர் முதலில் ஒலியால் அறிகிறார்.

அடுத்து நிகழ்வது உண்மையில் ஒரு விசாரணை. மானின் உடலில் கழுத்தில் ஒன்று, இதயத்தில் ஒன்று என இரு காயங்கள். இரண்டில் ஒன்று தம்முடையதாக இருக்கலாம் என்கிறார் நீதிபதி. இறைச்சி அவருக்குப் பொருட்டன்று. மான் வீழ்த்திய பெருமையே வேண்டும். நேட்டியின் மறுப்பு மூன்று படிகளில் செல்கிறது: பாய்ந்தவை இரு குண்டுகள், வெடித்தவை இரு ரைஃபிள்கள், கழுத்துக் காயத்தின் கிழிசல் வழவழப்பான குழலிலிருந்து வந்ததன்று, மான் விழுந்தது கடைசி வெடிக்கு, அது தம்மினும் இளையவன் சுட்டது. எண்ணிக்கை, காயத்தின் வடிவம், கால வரிசை என்ற இம்மூன்றும் தேர்ந்த தடயவியல் வாதங்கள். தமக்குச் சேரவேண்டிய பெருமையையும் அவர் இவ்வாதத்தால் இளைஞனுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்பது அதன் நேர்மைக்குச் சான்று.

அவ்விளைஞன் ஆலிவர் எட்வர்ட்ஸ் விசாரணையை முடித்துவைக்கிறான். பெருரவைகள் எத்தனை என்று கேட்கிறான். ஐந்து என்கிறார் நீதிபதி. நான்கு ரவைகள் பைன் மரத்தில் பதிந்திருப்பதைக் காட்டுகிறான். ஐந்தாவது எங்கே? மேலங்கியை விலக்கிக் குருதி கசியும் தன் தோளைக் காட்டுகிறான். கணக்கு நேராகிறது, நகைச்சுவையாகத் தொடங்கிய வழக்கு அக்கணத்திலேயே அச்சமாக மாறுகிறது. மானை வீழ்த்தினேன் என்று உரிமை கோரியவர் ஒரு மனிதனைச் சுட்டிருக்கிறார். அதற்கான சான்றை அடிபட்டவனே தன் உடலில் சுமந்து நின்றிருக்கிறான்.

நீதிபதி மனம் பதறுகிறார் என்பதில் ஐயமில்லை. அவர் கொடியவர் அல்லர். ஆயினும் அவருடைய பரிகாரம் கொடையாகவே வெளிப்படுகிறது. மானுக்கு நூறு டாலர் தருகிறார். தம் காடுகளில் என்றைக்கும் வேட்டையாடும் உரிமை அளிக்கிறார். மருத்துவர் எல்நாதன் டாட் ரவையை அகற்றுகிறார். இளைஞன் பணத்தை மறுத்து, மான் தனக்கு வேண்டும் என்கிறான். வேட்டையுரிமையைக் கொடுப்பதற்கு நீதிபதிக்கு உள்ள உரிமையையே நேட்டி வினவுகிறார்: இம்மலைகளில் தாம் வேட்டையாடும் உரிமை, அதைத் தடுக்க டெம்பிளுக்குள்ள உரிமையினும் பழையது. எட்வர்ட்ஸ் அந்நிலத்தின் முந்தைய உரிமையாளர் குடும்பத்தின் வாரிசு எனப் பின்னர் வெளிப்படும்போது, முதல் இயலின் பிழைபட்ட வெடி நிலவுரிமை வழக்கின் முன்னறிவிப்பாகவும் நிற்கிறது. இக்குறியீட்டுப் பொருளை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். இக்கட்டுரை வலியுறுத்துவது அதற்கு முந்தைய படியை: குறியீடு பொருந்துவதற்குக் காரணம் ரவைக் கணக்கு பொருந்துவதே.

3. பற்றாத மருந்து

கிறிஸ்துமஸ் நாளன்று வான்கோழிச் சுடும்போட்டி நடக்கிறது. பறவையின் உடல் பனியில் புதைக்கப்பட்டிருக்கிறது. தலையும் கழுத்தும் மட்டுமே வெளியே. ஒரு வெடிக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். எலிசபெத்தின் சார்பில் நேட்டி குறிபார்க்கிறார். கல் அடிக்கிறது, மருந்து பற்றவில்லை.

இது வெடியா, இல்லையா? பறவையின் உடைமையாளரான ஏப்ரகாம் ஃப்ரீபார்ன் என்னும் விடுதலைபெற்ற கறுப்பினத்தவர், கல் அடித்ததே சுட்டதற்குச் சமம் என்கிறார். குண்டு குழலைவிட்டு வெளியேறவே இல்லை என்பது நேட்டியின் நிலைப்பாடு. அன்றுதான் ஷெரீஃப் பதவி கிடைத்ததை அறிந்த ரிச்சர்ட் ஜோன்ஸ் தீர்ப்பளிக்கிறார்: மீண்டும் சுட வேண்டுமாயின் மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டும். நேட்டி செலுத்துகிறார்; இறுதியில் பறவையை வீழ்த்துகிறார்.

இந்நிகழ்வைக் கிராமியக் கேளிக்கையாகக் கடந்துவிடுதல் பிழை. இங்கு முதன்முறையாக ஒரு கருவியின் பிழை பதவியின் வாய்ச்சொல்லால் மனிதனின் செயலாக மாற்றப்படுகிறது. ஃப்ரீபார்னின் வாதத்தையும் பேராசை எனத் தள்ளிவிட இயலாது. அவருக்கு இருக்கும் வருவாய் வழி இப்பறவை. ஒவ்வொரு பற்றாமையையும் இலவச மறுவாய்ப்பாக அளித்தால் இழப்பு அவருக்கே. உரிமையற்ற இருவருக்கு இடையிலான சிறு வழக்கு அது. ஆனால் தீர்ப்பளிப்பவர் கிண்ணியைத் திறந்து பார்க்கவில்லை. தம் புதுப் பதவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

4. ஏரியில் ஒரு மான்

நேட்டியை மாசற்றவராகக் காட்டுவது கூப்பரின் நோக்கமாக இருந்திருந்தால் ஏரி வேட்டைக் காட்சி எழுதப்பட்டிராது. சனவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் மான் கொல்வோருக்குப் பன்னிரண்டரை டாலர் தண்டம் என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது. அத்தடைக்காலத்தில் நேட்டியின் நாய்கள் ஒரு மானை ஏரிக்குள் விரட்டுகின்றன. படகில் இருப்பவர்கள் நேட்டி, அவருடைய பழந்தோழர் மோஹிகன் ஜான், எட்வர்ட்ஸ் ஆகிய மூவர். எட்வர்ட்ஸ் சட்டத்தை நினைவூட்டுகிறான். முதியவர் இருவரும் கேட்கும் நிலையில் இல்லை. இறுதியில் எச்சரித்தவனே மானின் கொம்பில் சுருக்குக் கயிற்றை வீசுகிறான். நேட்டி கத்தியால் கதையை முடிக்கிறார்.

நாவலின் மிக மகிழ்ச்சியான வேட்டை இதுவே. இதில் வெடி இல்லை என்பது தற்செயலன்று எனக் கருதுகிறேன். புகையில்லை, ஐயமில்லை, எந்தக் குண்டு யாருடையது என்ற வழக்கில்லை. சான்று முழுமையானது, குற்றமும் முழுமையானது. தேவைக்கு மேல் கொல்லலாகாது என்று புறா வேட்டையின்போது ஊராரைக் கடிந்துகொண்ட அதே மனிதர், இங்கு இளமை திரும்பியதுபோல் சிரிக்கிறார். 1841இல் வெளிவந்த ‘தி டீர்ஸ்லேயர்’ நாவலில், அதே ஏரியில், இளம் நேட்டி தன் தோழன் வீணாக மானை நோக்கிச் சுட்டதைக் கண்டிக்கிறார். பிற்கால நாவல் நேட்டியைத் தூய்மைப்படுத்துகிறது. முதல் நாவல் அவரை மனிதராகவே விடுகிறது. வேட்டையின் மகிழ்ச்சி நெறியைக் கற்பித்த ஆசானையும் நெறி தவறச் செய்யும் என்ற உண்மையை மறைக்காததே ‘தி பயனியர்ஸ்’ நாவலின் வலிமை.

மகிழ்ச்சி தணிந்தபின் நேட்டி நாயின் கழுத்துவாரைப் பார்க்கிறார். அது கத்தியால் அறுக்கப்பட்டிருக்கிறது. மீண்டும் அவர் தடயத்தைப் படிக்கிறார். குற்றம் அவருடையது, அதற்கான சூழலை உருவாக்கியது வேறொருவர் கை.

5. சுடாத துப்பாக்கிக்குத் தண்டனை

அமைதி நீதிபதியான ஹைரம் டூலிட்டில், நேட்டியின் குடிசையைச் சோதனையிட ஆணையுடன் வருகிறார். குடிசைக்குள் மறைந்திருக்கும் ஒருவரைக் காக்கவேண்டிய நேட்டி, ரைஃபிளை நீட்டி அவரைத் தடுக்கிறார், சுடவில்லை. நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைப்பது மான் கொன்றதற்கான தண்டனையன்று. ஆணையை ஆயுதத்தால் எதிர்த்ததற்கான தண்டனை: தொழுமரத்தில் ஒரு மணி நேரம், நூறு டாலர் தண்டம், ஒரு மாதச் சிறை. தீர்ப்பை வாசிப்பவர் டெம்பிள். சிறிது காலத்துக்கு முன்பு சிறுத்தையிடமிருந்து எலிசபெத்தைக் காத்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் அதே நேட்டி.

இங்கு இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதல் இயலில் ஒரு துப்பாக்கி வெடித்தது, மனிதன் ஒருவன் குருதி சிந்தினான், வழக்கில்லை, சுட்டவர் நூறு டாலரைத் தாமே முன்வந்து நீட்டினார். இவ்வியலில் ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, குருதி இல்லை, வழக்குண்டு, நீட்டியவர்மீது நூறு டாலர் சுமத்தப்படுகிறது. ஒருவருக்கு அத்தொகை பெருந்தன்மை. மற்றவருக்குச் செலுத்தவே இயலாத சுமை. இடையில் நிற்கும் வான்கோழி வழக்கு, வெடிக்காததை வெடித்ததாகக் கொள்ளும் வழக்கத்தை ஊருக்கு முன்பே பழக்கிவிட்டது.

6. இரு மறுப்புகள்

இவ்வாசிப்புக்கு இரு மறுப்புகள் எழலாம். கூப்பரின் துப்பாக்கிக் காட்சிகள் நம்பத்தக்கவையல்ல என்று மார்க் ட்வைன் 1895இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அத்தகைய ஆசிரியரிடம் நுட்பமான சான்றியலைத் தேடலாமா? ட்வைன் எள்ளிநகையாடியவை பெரிதும் ‘தி பாத்ஃபைண்டர்’, ‘தி டீர்ஸ்லேயர்’ என்னும் பிற்கால நாவல்களின் வியத்தகு சாதனைகள். ‘தி பயனியர்ஸ்’ நாவலில் நேட்டியின் ரைஃபிளும் பற்றாமற் போகிறது. மானை வீழ்த்தியது அவருடைய குண்டன்று.

இரண்டாவது மறுப்பு வலுவானது. நீதிபதியின் வெடி தவறுதலாக நேர்ந்தது. நேட்டி துப்பாக்கியை நீட்டியது கருதிச் செய்தது. உட்கருத்தைக் கொண்டு குற்றத்தை அளப்பது சட்டத்தின் முறைதானே? உண்மை. டெம்பிள் சட்டத்தைத் திரிக்கவில்லை; காட்டு வளம் வீணாவதைத் தடுக்க விரும்பும் அவருடைய வேட்டைச் சட்டம், நேட்டியின் நெறிக்கு உள்ளபடியே அண்மையானது. அதனாலேயே இது துன்பியல் ஆகிறது. தாம் சுட்டபோது எதிர்ப்புறத்தில் எவரேனும் உளரா என்று பாராதது கவனமின்மை. அக்கவனமின்மையை விசாரிக்க அவ்வூரில் ஓர் அவையும் இல்லை. உட்கருத்து வேறுபாடு தண்டனை வேறுபாட்டை விளக்கும். ஒரு பக்கத்தில் விசாரணையே இல்லாமற் போனதை அது விளக்காது.

7. தமிழில் சொல்லும்போது

இறுதியாக, தொடக்க வினாவுக்குத் திரும்பலாம். ரைஃபிள், பறவைத் துப்பாக்கி இரண்டையும் ‘துப்பாக்கி’ என்றும், குண்டு, பெருரவை, சிறுரவை மூன்றையும் ‘குண்டு’ என்றும், கல் அடித்ததையும் வெடித்ததையும் ‘சுட்டார்’ என்றும் பெயர்த்தால், நேட்டியின் வாதம் வெறும் பிடிவாதமாகிவிடும். தமிழில் சொல்வளம் இல்லை என்பது காரணமாகாது. ஈழத்து வழக்கில் ‘இடியன் துவக்கு’ என்ற பெயர் உண்டு. மருந்தை இடித்துக் கெட்டிக்கும் செயலை அப்பெயரே நினைவூட்டுகிறது. தமிழக ஊர்களில் ரவை, சக்கை, கெட்டித்தல் ஆகியன வழக்கிலுள்ள சொற்கள். வகுப்பறையிலும் மொழிபெயர்ப்பிலும் இச்சொற்களைப் பயன்படுத்தத் தயங்குவதற்குக் காரணம், வேட்டைக் கருவி பற்றிய அறிவு இலக்கிய அறிவாகாது என்ற நம் எண்ணமே. முதல் இயலில் நீதிபதியிடம் இருந்த எண்ணமும் ஏறத்தாழ அதுவே.

நிறைவுரை

‘தி பயனியர்ஸ்’ நாவலில் மான் வேட்டையின் மகிழ்ச்சியும் பிழையும் ஒரே கருவியிலிருந்து பிறக்கின்றன. அக்கருவி ஒருமுறையே வெடிக்கும்; சில வேளை வெடிக்காது; வெடித்தால் புகை மறைக்கும். ஆகவே காயத்தையும் மரத்தையும் வாரையும் படிக்கத் தெரிந்தவனுக்கே உண்மை தெரியும். அப்படிப் படிக்கத் தெரிந்தவர் நேட்டி. தீர்ப்பளிக்கும் இருக்கை அவருக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. நாவலின் முடிவில் அவர் ஊரைவிட்டு மேற்கு நோக்கிச் செல்கிறார். டெம்பிள்டன் இழப்பது ஒரு வேடரை மட்டுமன்று. எட்வர்ட்ஸின் தோளில் பதிந்த ஐந்தாவது ரவையையும் கணக்கில் சேர்த்து உண்மையைத் தேடக்கூடிய ஒரு விசாரணை முறையையும் அது இழக்கிறது.